கடனை அடைப்பதில் அவசரம் குற்றமில்லை

ஒரே மாதத்தில் ஒரு நாவலின் முதற்படியை எழுதி முடிக்க நினைப்பது மார்க்கத்துக்குப் பொருந்துமா? கேட்டவர் என் மூத்த நானா. அவர் மௌலவி, கற்பிட்டியில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர். நவம்பர் முழுவதும் இரவில் உட்கார்ந்து எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, நிதானம் அல்லாஹ்விடமிருந்தும் அவசரம் ஷைத்தானிடமிருந்தும் வருவதாகத் திர்மிதியில் பதிவாகியுள்ள நபிமொழியை நினைவூட்டினார். "இதுக்கு என்ன பதில் எண்டு யோசிச்சிட்டு எழுது தங்கச்சி" என்றார். என் நாவலுக்கு முன்னால் அந்தப் பதிலைத் தேடுவது எனக்குக் கடமையாகிவிட்டது.

நவம்பரில் நாவல் எழுதும் பழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. 1999இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்ற இளைஞர் தன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, மொத்தம் 21 பேராக, ஒரு மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதுவதென்று இறங்கினார். மறு வருடம் அது நவம்பருக்கு மாறியது. 30 நாளில் 50,000 சொற்கள் என்பது இலக்கு. பிறகு உலகம் முழுக்க இலட்சக்கணக்கானோர் அதில் சேர்ந்தார்கள். அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்படுவதாக அறிவித்தது. பழக்கம் மட்டும் மூடப்படவில்லை, எழுதுகிறவர்கள் இன்னும் எழுதுகிறார்கள். எங்கள் கரையில் நவம்பர் மாதத்துக்கு வேறொரு கனம் உண்டு. அதனால்தான் அந்தப் பழக்கம் எனக்கும் பிடித்துப்போனது.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்டது இரண்டு மணி நேரம்தான். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் கடல் வழியாகப் படகுகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். நவம்பர் பிறந்தபோது எங்கள் பள்ளிக்கூடங்களும் பள்ளிவாசல்களும் தென்னந்தோட்டங்களும் மனிதர்களால் நிறைந்திருந்தன. நான் அப்போது சின்னப் பிள்ளை. உம்மா எங்கள் முற்றத்தில் மூன்று கல் வைத்துக் கிடாரத்தில் கஞ்சி காய்ச்சியது நினைவிருக்கிறது. அரிசி வெந்ததா என்று பார்க்கக்கூட உம்மா நிற்கவில்லை. ஒரு கிடாரம் இறங்குமுன் அடுத்ததற்கு உலை வைத்தாயிற்று. வந்தவர்களில் சிலர் அந்தக் கஞ்சியைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் எங்களுக்குப் பக்கத்து வளவிலேயே தங்கிவிட்டார். நாங்கள் அவரை மாமி என்போம். யுத்தம் முடிந்த பிறகு பலர் மன்னாருக்குத் திரும்பினார்கள், சிலர் இங்கும் அங்குமாக இரண்டு வீட்டு வாழ்க்கை வாழ்கிறார்கள். மாமி திரும்பவில்லை. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பின்னேரத்தில் திண்ணையில் இருந்துகொண்டு, தன் ஊரில் பள்ளிவாசல் தொடங்கிக் கடற்கரை வரைக்கும் வீடு வீடாகப் பெயர் சொல்லுவார். இன்னாருடைய வீடு, அதற்கடுத்து வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் கிணறு, கிணற்றடியில் ஒரு முருங்கை என்று ஒழுங்கு தவறாமல் வரும். போன வருடம் ஒருநாள் கிணற்றுக்கு அப்பால் வாய் நின்றுவிட்டது. திரும்பப் பள்ளிவாசலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் மறுபடியும் நின்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எழுதுறதெண்டா இப்பவே எழுதுங்க மகள். ஊர் என்ட தலைக்குள்ள இருந்து ஒவ்வொரு வீடா எழும்பிப் போகுது."

நானாவின் கேள்விக்குப் பதில் மாமியின் இந்தப் பேச்சில் இருப்பதாக எனக்குப் பட்டது. ஆனால் பட்டால் போதாது, ஆதாரம் வேண்டும்.

ஆதாரத்தை ஹாத்திமுல் அஸம்ம் என்ற பெரியாரிடம் கண்டேன். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் மறைந்த சூஃபி அவர். அவசரம் ஷைத்தானுடையதுதான், ஐந்து காரியங்களில் மட்டும் அப்படியல்ல என்று அவர் சொன்னதாக வழிவழியாக வருகிறது. விருந்தாளிக்குச் சோறு வைப்பது, மய்யித்தை அடக்குவது, பருவமடைந்த மகளுக்கு நிக்காஹ் முடிப்பது, தவணை வந்த கடனை அடைப்பது, பாவத்திலிருந்து தவ்பாச் செய்வது. இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். ஒவ்வொன்றிலும் நமக்கு எதிரே இன்னொரு ஹக்குதாரர் நிற்கிறார். பசித்தவர், இறந்தவர், மகள், கடன் கொடுத்தவர், இறுதியில் படைத்தவன். நாம் தாமதித்தால் நட்டம் நமக்கல்ல, அவருக்கு. தவ்பாவில் மட்டும் அது நமக்கே திரும்பும். எனக்கு வேண்டும் என்று பறப்பது கண்டிக்கப்பட்ட அவசரம். அவருக்குச் சேரவேண்டியது என்று விரைவது அந்தக் கணக்கில் வராது. உம்மா அன்று கிடாரத்தடியில் காட்டியது இந்த இரண்டாவது வகை. மாமியின் ஊரைத் தாளில் இறக்குவதும் அதே வகைதான் என்று நான் நம்புகிறேன். அவர் முப்பது வருடத்துக்கு மேலாக எங்களிடம் சொல்லிச் சொல்லி ஒப்படைத்து வந்தது ஓர் அமானிதம். அமானிதத்துக்கும் தவணை உண்டு.

மார்க்க வரலாற்றிலேயே இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறது. நபிகளாரின் மறைவுக்குப் பிறகு யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதானார்கள். நெஞ்சில் சுமந்தவர்கள் இப்படி ஒவ்வொருவராகப் போனால் வேதம் என்னவாகும் என்று உமர் (ரலி) பதறி, அதை ஒன்றுதிரட்ட வேண்டும் என்று அபூபக்கர் (ரலி) அவர்களிடம் சொன்னார். நபியவர்கள் செய்யாத காரியத்தை நான் எப்படிச் செய்வது என்று முதலில் அபூபக்கர் (ரலி) தயங்கினார். பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு, மலையொன்றைப் பெயர்ப்பது இதைவிட இலேசு என்று தோன்றியது. ஆனாலும் தொடங்கினார்கள். பேரீச்ச மட்டையிலும் தட்டைக் கல்லிலும் மனிதர் நெஞ்சிலும் இருந்ததைத் தேடிச் சேர்த்தார்கள். சேர்த்ததைச் சாட்சி வைத்துச் சரிபார்த்தார்கள். இறைவேதத்தோடு ஒரு நாவலை நான் ஒப்பிடவில்லை, அல்லாஹ் பாதுகாக்க வேண்டும். தயக்கத்துக்கு அவர்கள் கொடுத்த இடத்தையும், அதைத் தாண்டி அவர்கள் தொடங்கிய விதத்தையும்தான் பாடமாக எடுத்துக்கொள்கிறேன். சுமப்பவர் இறந்துகொண்டிருக்கும்போது தொடக்கம் விரைவாக இருக்க வேண்டும், சரிபார்ப்பு நிதானமாக இருக்க வேண்டும்.

இங்கே வாழ்கிறவர்களுக்கு இதை உப்பு சொல்லித்தரும். என் சாச்சா புத்தளம் உப்பளத்தில் வேலை செய்தவர். உப்பு விளைவதற்கு அவசரம் உதவாது. களப்பு நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி விட்டு, வெயிலிலும் காற்றிலும் வற்றவைத்து, உப்புச் செறிவை அளக்கும் போமே மானியில் 25 பாகை காட்டும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனால் விளைந்த உப்பை அள்ளுவதில் நிதானம் காட்ட முடியாது. வாடை மழை தொடங்குமுன் வாரி, வரம்பில் குவித்து, கிடுகால் மூடியாக வேண்டும். ஒரு கதை மனிதருக்குள் விளைய முப்பது வருடம் எடுக்கலாம். அது விளைந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் பார்த்துக்கொண்டு இருப்பவரை உப்பளத்தில் பொறுமைசாலி என்று சொல்லமாட்டார்கள்.

கற்பிட்டிக்கு இதில் ஒரு முன்னோடியும் உண்டு. சைமன் காசிச்செட்டி 1807இல் இங்கே பிறந்தவர். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே 1834இல் இலங்கை பற்றிய விவரத்திரட்டு ஒன்றை வெளியிட்டார். பிறகு தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தேடித்தேடித் தொகுத்தார். அது 'தமிழ் புளூட்டாக்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் 1859இல் வெளிவந்தது. அடுத்த வருடமே அவர் காலமானார். அந்த நூலில் செவிவழிக் கதைகள் அதிகம், காலக்கணிப்பில் பிழைகளும் உண்டு என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எல்லாம் உறுதியாகட்டும் என்று அவர் இன்னும் இரண்டு வருடம் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் போட்ட அடித்தளத்தில் நின்றுதான் 1886இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 'பாவலர் சரித்திர தீபக'த்தை எழுப்பினார். முதற்படி ஒன்று இருந்ததால்தான் திருத்துவதற்கும் ஒரு பொருள் கிடைத்தது.

நானாவுக்கு இன்னொரு ஐயமும் இருந்தது. நாவல் என்றால் இட்டுக்கட்டியது. இட்டுக்கட்டியதற்காக இரவில் கண்விழிப்பது தகுமா? இதற்குப் பதில் அவர் ஓதிய கிதாபிலேயே இருந்தது. பஸராவைச் சேர்ந்த ஹரீரி (1054–1122) தன் 'மகாமாத்' கதைத்தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், நடக்காத கதைகளை எழுதியதற்காகத் தன்மேல் வரக்கூடிய பழிக்கு நிய்யத்தைத்தான் முன்வைக்கிறார். மிருகங்கள் பேசுவதாகச் சொல்லும் நீதிக்கதைகளை யாரும் பாவம் என்று ஒதுக்கியதில்லை என்பது அவருடைய வாதம். கேட்பவரை ஏமாற்றுவதற்குச் சொல்வது பொய். இது கதை என்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்க, ஓர் உண்மையைக் காட்டுவதற்குச் சொல்வது பொய்யாகாது. இலங்கை முஸ்லிம்களுக்கு இதில் தயக்கம் வரவேண்டிய அவசியமும் இல்லை. இந்நாட்டின் முதல் தமிழ் நாவல் எனப்படும் 'அசன்பேயுடைய சரித்திர'த்தை 1885இல் எழுதியவர் அறிஞர் சித்தி லெப்பை. சட்டத்தரணி, கல்விச் சீர்திருத்தவாதி, 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர். சமூகத்துக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு அவசியமோ, அவ்வளவுக்குக் கதையும் அவசியம் என்று அவர் கண்டிருக்கிறார்.

ஆக, கதை எழுதலாம், விரைந்தும் எழுதலாம். மீதி இருப்பது எப்படி விரைவது என்ற கேள்வி. இங்கேதான் தொழுகை எனக்கு வழிகாட்டியது.

தொழுகைக்கு வக்து உண்டு. மனம் ஒருமுகப்படும்வரை அது காத்திருக்காது. அஸருக்குப் பாங்கு சொன்னால், கவலை இருந்தாலும் களைப்பு இருந்தாலும் அந்த நேரத்துக்குள் தக்பீர் கட்ட வேண்டும். உள்ளச்சம் குறைந்த தொழுகையும் நேரத்தில் தொழப்பட்டால் கடமை நிறைவேறிவிடுகிறது. உள்ளச்சம் வரட்டும் என்று வக்தைத் தவறவிட்டவர் இரண்டையும் இழக்கிறார். ஒரு மாதம் என்ற அளவும் நமக்குப் புதிதல்ல. குர்ஆன் முப்பது ஜுஸ்உக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ரமழானில் இரவுக்கு ஒரு ஜுஸ்உ என்று தராவீஹில் ஓதி முடிப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறோம். பகலெல்லாம் நோன்பு, வேலை, வெயில். இரவில் நின்றால் அன்றைய பங்கு நடந்துவிடும். முப்பது என்பது மலைக்க வைக்காத எண்ணாக நம் உடம்பில் ஏற்கெனவே பதிந்திருக்கிறது.

தொழுகையில் பிழை வந்தால் என்ன செய்கிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள். மூன்று ரக்அத்தா நான்கா என்று சந்தேகம் வந்தால் தொழுகையை உடைத்துவிட்டுப் போவதில்லை. உறுதியான எண்ணை வைத்துக்கொண்டு மேலே தொழுது, முடிவில் மறதிக்கான இரண்டு ஸஜ்தா செய்கிறோம். பிழை நேரும் என்று தெரிந்தே அதற்கான இடத்தை மார்க்கம் கடைசியில் ஒதுக்கி வைத்திருக்கிறது. நடுவில் நின்று தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொண்டிருக்க நமக்கு அனுமதி இல்லை. இதை விளங்கிக்கொண்ட இரவில்தான் என் கை ஓடத் தொடங்கியது.

பிள்ளைகள் படுத்து, பாத்திரம் கழுவி, இஷாவும் முடித்த பிறகு சீஆர் கொப்பியை விரிப்பேன். வெளியே வாடைக் காற்று தென்னையை உலுக்கும். கரண்ட் போனால் பிள்ளையின் மேசை விளக்கை சார்ஜில் எரியவிட்டு எழுதுவேன். சொல்லை எண்ணவில்லை, பக்கத்தை வைத்தே அளந்தேன். தெரியாத இடம் வந்தால் ஓரத்தில் 'கேள்' என்று எழுதி ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். படகின் எஞ்சின் எந்தக் கம்பனியுடையது, கேள். பிள்ளைகளை யார் முதலில் இறக்கினார்கள், கேள். இரவுத் தொழுகையை எப்படித் தொழுதார்கள், கேள். அந்த வட்டங்கள்தான் என் ஸஜ்தா ஸஹ்வு. வட்டம் போட்ட பிறகு மனம் அந்த இடத்திலேயே சுற்றுவதை விட்டுவிடுகிறது. இல்லாவிட்டால் ஓர் எஞ்சினின் பெயருக்காக ஒரு வாரம் போயிருக்கும். அந்தச் சாக்கில் எழுதாமலே இருந்தும் இருக்கலாம். நிதானம் என்ற பெயரில் நாம் பல சமயம் வைத்திருப்பது பயத்தை. நன்றாக எழுதாவிட்டால் நம்மை என்ன நினைப்பார்கள் என்ற பயம் அது. அதில் அல்லாஹ்வும் இல்லை, மாமியும் இல்லை. 'நான்' மட்டும்தான் இருக்கிறது. வேகம் அந்த 'நானை'க் கொஞ்ச நேரம் வாயடைக்கச் செய்கிறது. நஃப்ஸை அடக்குவதற்குப் பெரியோர் பல வழி சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறவருக்குத் தவணையும் ஒரு வழி.

முதற்படி முடிந்த பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு மாமியிடம் போனேன். வட்டங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். தொழுகை பற்றிய வட்டத்துக்கு வந்தபோது மாமி சொன்னார்: "படகுல இருந்தபடிதான் தொழுதோம் மகள். மழை இருட்டு, வெள்ளி ஒண்டும் தெரியேல்ல. ஓட்டினவர் இந்தப் பக்கம்தான் மேக்கு எண்டு கையக் காட்டினார். தக்பீர் கட்டினதுக்குப் பிறகு படகு திரும்பிட்டு. நாங்க என்ன செய்ற, அப்பிடியே தொழுது முடிச்சோம்."

கிப்லா எது என்று அறிய வழியில்லாதவர், தன்னால் முடிந்தவரை ஆராய்ந்து, மனம் சாயும் பக்கம் முன்னோக்கித் தொழ வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். திசை உறுதியாகட்டும் என்று நேரம் தாண்டக் காத்திருக்கக் கூடாது. வீட்டையும் ஊரையும் இழந்து, ஆடும் பலகையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களுக்கு இந்தச் சட்டம் தெரிந்திருந்தது. தெரிந்ததை அவர்கள் செய்தார்கள். நான் தேடிச் சேர்த்த ஆதாரங்களை எல்லாம்விட இந்த ஒன்று எனக்குப் பெரிது. எந்தத் திசையில் கதை போக வேண்டும் என்று முழுவதும் தெரிந்துகொண்டு எவரும் எழுதத் தொடங்குவதில்லை. தெரிந்த அளவுக்கு முகத்தைத் திருப்பி, நேரத்துக்குள் தொடங்குவதுதான் நம்மிடம் கேட்கப்படுகிறது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதை மறைத்தால் நானாவின் கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொன்னவளாக மாட்டேன். விரைந்து எழுதியதை விரைந்து அச்சிடுவது வேறு காரியம். அங்கே அவசரம் தன் பழைய எசமானிடமே திரும்பிவிடுகிறது. உயிரோடு இருக்கும் மனிதர்களின் கதையில் ஒரு சொல் தவறினாலும் அது புறமாகவோ அவதூறாகவோ ஆகிவிடலாம். வந்தவர்களுக்குக் கஞ்சி கொடுத்த ஊர்தான் இது. பிற்காலத்தில் காணிக்கும் தண்ணீருக்கும் வேலைக்கும் வந்தவர்களோடு மனக்கசப்புப் பட்டதும் இதே ஊர்தான். இரண்டையும் எழுத வேண்டும், இரண்டிலும் நீதி வேண்டும். இமாம் புகாரி தன் ஸஹீஹைத் தொகுக்க 16 வருடம் எடுத்தார். ஒவ்வொரு ஹதீஸைப் பதியுமுன்னும் குளித்து இரண்டு ரக்அத் தொழுதார் என்பார்கள். இமாம் தபரியோ நாற்பது வருடம் நாளொன்றுக்கு நாற்பது தாள் எழுதினார் என்று சொல்லப்படுகிறது. இருவரும் நமக்கு இமாம்களே. எழுதும்போது தபரியின் கையும், வெளியிடும்போது புகாரியின் தயக்கமும் வேண்டும் என்று நான் துஆக் கேட்கிறேன்.

தவணைக்கு எழுதியதால் தரம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 1866 ஒக்டோபரில் தஸ்தயெவ்ஸ்கி, நவம்பர் முதல் திகதிக்குள் புதிய நாவலைக் கொடுக்காவிட்டால் ஒன்பது வருடத்துக்குத் தன் எழுத்தின் உரிமையைப் பதிப்பாளரிடம் இழக்க வேண்டிய ஒப்பந்தத்தில் மாட்டியிருந்தார். அன்னா என்ற இளம் சுருக்கெழுத்தாளரிடம் 26 நாளில் 'சூதாடி'யைச் சொல்லி எழுதுவித்தார். அது இன்றும் படிக்கப்படுகிறது. நம் தமிழிலும் ஆசுகவியை நாற்கவிகளில் ஒன்றாக வைத்தார்கள். கம்பன் ஒரு பகலில் எழுநூறு பாட்டுப் பாடியதாக ஒரு தனிப்பாடல் பெருமைப்படும். வேகத்தை நம் முன்னோர் இழிவாகப் பார்க்கவில்லை. எதற்காக அந்த வேகம் என்பதைத்தான் பார்த்தார்கள்.

என் கொப்பியில் இன்னும் பதில் கிடைக்காத வட்டங்கள் இருக்கின்றன. சிலவற்றுக்குப் பதில் தெரிந்தவர்கள் ஆலங்குடாவிலும் தில்லையடியிலும் பாலாவியிலும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பள்ளிக்கூட விடுமுறையில் ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்க நிய்யத். அதற்கு எத்தனை வருடம் ஆனாலும் ஆகட்டும். ஆனால் எழுத நினைத்திருக்கும் மற்றவர்களுக்கு, முக்கியமாக வெளியேற்றப்பட்டவர்கள் தங்கிய முகாம்களில் பிறந்து வளர்ந்து இன்று ஆசிரியர்களாகவும் தாதிமாராகவும் இருக்கும் பிள்ளைகளுக்கு, நான் சொல்வது இது. உங்கள் உம்மம்மா பேசிக்கொண்டிருக்கும் மாதத்திலேயே முதற்படியை எழுதி முடியுங்கள். தெரியாத இடத்தில் வட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். முடித்ததை அவர் முன்னால் இருந்து வாசித்துக் காட்டுங்கள். அச்சுக்குக் கொடுப்பதைப் பற்றி அதற்குப் பிறகு ஆறுதலாக யோசிக்கலாம். கடன் கொடுத்தவர் இருக்கும்போதே அடைத்தால்தான், அடைத்தது சரியா என்று அவரிடமே கேட்க முடியும்.